சுவிஸ்காரரும் 300 மீற்றரும் நானும்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் போன் எடுத்தால் எப்படியும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "உங்கை சுவிசிலை வீட்டுக்கு வீடு துவக்காமே, மெய்யே?" மெய்தான், ஆனால் முழு மெய் இல்லை. இராணுவக் கடமையில் இருக்கிற இளைஞர் தங்கள் துவக்கை வீட்டில் வைத்திருக்கலாம். ரவை கொடுக்கமாட்டார்கள். முந்தி ஒரு மூடி ஒட்டிய தகரப்பெட்டியில் ரவையும் கொடுத்து விட்டவர்கள்தான். 2007இல் அதை நிறுத்தி, பிறகு கொடுத்ததையும் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு காலமும் ஊர்ப்புதினம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். 2024 ஒக்ரோபர் கடைசியில் என்ரை மூத்தவன் பயிற்சி முடித்துத் தோளில் துவக்கோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது அது புதினமாக இருக்கவில்லை.

துவக்கைப் பற்றி எங்கடை ஆக்கள் எழுதினால் ஒன்றில் வீரக்கதையாக இருக்கும், இல்லாவிட்டால் ஒப்பாரியாக இருக்கும். எனக்கு இரண்டுக்கும் தெம்பில்லை. நான் எழுத வந்தது 300 மீற்றர் தூரத்தில் இருக்கிற ஒரு பலகையை, தொலைநோக்கி ஒன்றும் பூட்டாமல், துவக்கில் இருக்கிற இரும்புக் குறிகளை மட்டும் வைத்துச் சுடுகிற விளையாட்டைப் பற்றி. வீட்டிலே நடந்தது பிறகு வருகிறது.

2000ஆம் ஆண்டு, ஆனையிறவு விழுந்த சில மாதங்களில் இங்கே வந்து சேர்ந்தேன். யாழ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம், பௌதிகம், இரண்டாம் வருடம் முடிக்கவில்லை. அகதிகளை வைத்திருந்த வீட்டில் ஏழு தமிழ்ப் பெடியள். வந்த முதல் கிழமை, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெடி கேட்கத் தொடங்கியது. ஒற்றை வெடி, பிறகு அடுக்கடுக்காக. மூன்று பேர் நிலத்தில் படுத்துவிட்டோம். சமைத்துக்கொண்டிருந்தவன் அடுப்பை நூர்த்தான். பொறுப்பாக இருந்த சுவிஸ் மனிசி ஓடிவந்து, "ஸ்போர்ட்! ஸ்போர்ட்!" என்று கையை விரித்துக்கொண்டு கத்தினா. எங்களுக்கு அப்போது தெரிந்த ஐந்தாறு டொச் சொற்களில் அது ஒன்று இல்லை என்றாலும் விளங்கியது. ஆனால் நம்ப முடியவில்லை. வெடியில் என்ன விளையாட்டு?

சுவிசில் ஊருக்கு ஊர் ஒரு சூட்டுக்கூடம் இருக்கும். ஒரு பக்கம் மரத்தால் கட்டின நீட்டு வீடு, மறுபக்கம் 300 மீற்றரில் மண்ணணை, நடுவில் புல்வெளி. சில இடங்களில் நடுவாலே றோட்டும் போகும். இவர்களுடைய சூட்டுச் சங்கம் 1824இல் ஆராவ் நகரில் தொடங்கியது. இன்றைய சமஷ்டி அரசே அதற்குப் பிறகுதான், 1848இல் வந்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 300 மீற்றர் அணிப் போட்டியில் தங்கம் எடுத்தவர்கள் சுவிஸ்காரர்கள். அந்தத் தூரம் 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. இவர்கள் மட்டும் விடவில்லை. சூரிச்சில் இருக்கிறவர்களுக்குச் செப்டெம்பரில் வருகிற 'க்னாபன்ஷீசன்' தெரிந்திருக்கும். எங்கடை சனம் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றப் போகிற அந்தத் திருவிழாதான். அது உண்மையில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் துவக்குச் சூட்டுப் போட்டி. பெயரில் 'பெடியள்' என்று இருந்தாலும் 1991இலிருந்து பெட்டையளும் சுடலாம்.

நான் வேலை செய்கிற ரெஸ்ரோரண்ட் பேர்ண் கன்ரோனில் ஒரு கிராமத்தில். 2001இல் கோப்பை கழுவ வந்தவன், இப்போது சமையல். வியாழக்கிழமை பின்னேரம் சூட்டுக்கூடத்தில் பயிற்சி முடிந்தால் அவர்கள் நேரே எங்கடை கடைக்குத்தான் வருவார்கள். தச்சன், பால்மாட்டுக்காரன், தபால் ஒவ்வீஸில் நிற்கிற மனிசி, பல்லு டொக்ரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். றோஷ்டியும் பியரும். வெடிச்சத்தம் நின்றால் இன்னும் அரை மணித்தியாலத்தில் ஓடர் வரும் என்று உருளைக்கிழங்கை எடுத்துத் துருவ வெளிக்கிடுவேன். வெடிச்சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போன ஆள், நாலைந்து வருடத்தில் அதை மணிக்கூடாகப் பாவித்தேன். மனிசன் எதற்கும் பழகிவிடுவான் போல..

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். ஒரு நாள் இரவு கடை பூட்டுகிற நேரம், நான் அடுப்படியால் வெளியே வந்து நிற்க, "நீ பௌதிகம் படித்தவனாமே, இங்கே வா" என்று கூப்பிட்டார். மேசையில் ஒரு முள்ளுக்கரண்டியை நிமிர்த்திப் பிடித்தார். கொஞ்சம் தள்ளி, மஞ்சள் அரோமாட் டப்பாவின் மூடித்துளையில் ஒரு பல்லுக்குச்சியைக் குத்தி வைத்தார். சுவரில் மணிக்கூடு. "கரண்டியின் இரண்டு பல்லுக்கு நடுவால் குச்சியைப் பார். குச்சியின் நுனியில் மணிக்கூட்டை இருத்து. மூன்றும் தெளிவாகத் தெரிகிறதா?"

தெரியவில்லை. தெரியவும் மாட்டாது. கண்ணில் இருக்கிற வில்லை ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். மணிக்கூட்டைத் தெளிவாகப் பார்த்தால் குச்சி இரண்டாகிறது. குச்சியைத் தெளிவாகப் பார்த்தால் மணிக்கூடு பனிக்குள் போகிறது.

"எதை விடுவாய்?" என்று கேட்டார்.

"கரண்டியை" என்றேன். "சுடவேண்டியது மணிக்கூட்டைத்தானே."

"இல்லை. குச்சியைப் பார். மணிக்கூடு மங்கட்டும்."

எனக்கு அது ஏறவில்லை. அடிக்கவேண்டிய பொருளைப் பார்க்காமல் அடிப்பது என்ன சாத்திரம்? வீட்டுக்கு வந்து கடதாசியில் போட்டுப் பார்த்தேன். அவரிடம் இருந்தது 'கரபீனர் 31', 1931ஆம் ஆண்டு மாதிரி, 7.5 மில்லிமீற்றர். அதில் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர். முன்குறி பின்குறியின் வெட்டுக்குள் ஒரே ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் விலகினால், 300 மீற்றரில் சன்னம் அரை மீற்றருக்கும் கூட விலகிப் போகும். ஒரு தலைமயிரின் தடிப்பளவு, பத்தில் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் 5 சென்ரிமீற்றர். பலகையின் நடுப் பத்துப் புள்ளி வட்டமே 10 சென்ரிமீற்றர் அகலம்தான்! ஆனால் இரண்டு குறியும் சரியாகப் பொருந்தியிருக்க, துவக்கு முழுவதும் அப்படியே ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால், பலகையிலும் அதே ஒரு மில்லிமீற்றர்தான் பிழைக்கும். ஆக, பிழை பெருகுகிற இடம் துவக்கின் நுனி. கண் காவல் நிற்கவேண்டியதும் அங்கேதான். கிழவர் சொன்னது சரி.

முன்குறிக்கு டொச்சில் 'கோர்ன்' என்று பெயர், தானியமணி. எனக்குப் பிடித்த சொல்.

கிழவர் எனக்கு இன்னும் கனக்கச் சொல்லித் தந்தார், எல்லாம் அந்த மேசையில்தான். சன்னம் குழலைவிட்டு வெளிக்கிடும்போது வினாடிக்கு 780 மீற்றர் வேகம். 300 மீற்றர் போய்ச் சேர அரை வினாடியும் ஆகாது. அதற்குள் முக்கால் மீற்றருக்கும் கூடக் கீழே விழும், அதைக் கணக்கெடுத்துத்தான் பின்குறியை உயர்த்தி வைப்பது. ஒலி அதே தூரத்துக்கு முக்கால் வினாடிக்கு மேல் எடுக்கும். (சன்னம் முந்தி, சத்தம் பிந்தி. இதை எங்களுக்குக் கிழவர் சொல்லித்தரத் தேவையில்லை. சத்தம் கேட்டால் அந்த வெடி உனக்கில்லை என்று சின்ன வயதிலேயே தெரிந்த சனம் நாங்கள்.) விசையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, கேக்கில் கிரீம் பிழிகிற பையை அமத்துகிற மாதிரி மெல்ல அமத்தவேண்டும், வெடி எப்போது தீரும் என்று உனக்கே தெரியக்கூடாது. வெயில் பட்டு முன்குறி மினுங்கினால் கண் ஏமாறும், அதனால் மெழுகுதிரியின் புகையில் பிடித்துக் கறுப்பாக்குவார். மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம்போத்தல் விளக்கில் ஏஎல் படித்தவன் நான். விடிய மூக்குக்குள் விரலை விட்டால் வருகிற கரி அது. இந்த ஆள் அதைப் பக்குவமாக இரும்பில் பூசுகிறார்.

எல்லாம் விளங்கியது. ஆனால் ஒரு வெடி வைக்கேலாது. இங்கே 2008இல் வந்த ஆயுத ஒழுங்குவிதியில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சில நாட்டுக் குடிமக்கள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது, சுடவும் கூடாது. சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, மசிடோனியா, துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா, இவற்றோடு சிறீலங்கா. கன்ரோனிடம் விசேட அனுமதி கேட்கலாம் என்றும் இருக்கிறது. நான் கேட்கப் போகவில்லை. சூட்டுக்கூடத்துக்குப் போனால் பின்வாங்கில் இருந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலை முதலில் வாசித்தபோது சிரிப்பு வந்தது. சிறீலங்காக் கடவுச்சீட்டே ஒழுங்காக எடுக்கமுடியாமல் ஓடிவந்தவனை, துவக்கு விசயத்தில் மட்டும் அசல் சிறீலங்கன் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்! கோபமும் வந்தது. பிறகு யோசித்தால், எங்கள் நாடுகளின் சண்டை இங்கே வந்து வெடிக்கக்கூடாது என்று பயந்திருக்கிறார்கள், அது ஒன்றும் இல்லாத பயம் இல்லை. ஆனாலும் துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவனும் துவக்கைத் தூக்கினவனும் அந்தப் பிரிவுக்கு ஒரே ஆள்தான்.

2011 பெப்ரவரி 13இல் இன்னொன்று நடந்தது. இராணுவத் துவக்குகளை வீடுகளில் வைத்திருக்காமல் ஆயுதக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று ஒரு வாக்கெடுப்பு. 56 வீதத்துக்கு மேல் வேண்டாம் என்று போட்டுத் தோற்கடித்தார்கள். எங்கள் கடையில் அன்று இரண்டு மேசையும் இரண்டு கட்சி. எனக்கு அப்போது வாக்கில்லை. ஒருவரும் என்னிடம் கேட்கவும் இல்லை, நானும் றோஷ்டியைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

2016இல் குடும்பமாகச் சுவிஸ் குடியுரிமை கிடைத்தது. 2018இல் கிழவர் வந்து, "இனி உனக்குச் சாட்டு இல்லை" என்றார். ஒவ்வொரு வருடமும் மே கடைசி, ஜூன் முதல் பகுதியில் 'பெல்ட்ஷீசன்' என்று நாடு முழுக்க நடக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் ஆக்கள் சுடுவார்கள். காசில்லை, ரவையும் அவர்களே தருவார்கள். இராணுவம் பாவித்த மாதிரித் துவக்குத்தான், இரும்புக் குறிதான். மொத்தம் 18 வெடி. ஆறு தனித்தனியாக, பிறகு நிமிடத்துக்கு மூன்றாக இரண்டு தரம், கடைசியில் ஒரே நிமிடத்தில் ஆறு. ஒரு வெடிக்குக் கூடியது 4 புள்ளி, முழுப்புள்ளி 72.

கிழவரின் கரபீனரோடு படுத்தேன். காதில் பாமீர். (காது மூடியை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.) கீழே பாய், முழங்கை இரண்டும் ஊன்றி. கன்னம் மரத்தில் படுகிறது, பழைய வாதுமை மரம், எண்ணெய் மணம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, வெட்டுக்குள் தானியமணியைக் கொண்டுவந்து, அதற்கு மேலே பார்த்தேன்.

வியாழக்கிழமைகளில் நான் பின்வாங்கில் இருந்து பார்த்த பலகை கறுப்பு வட்டம். 60 சென்ரிமீற்றர் வட்டம் 300 மீற்றரில் கையை நீட்டிப் பிடித்த குண்டூசித் தலையைவிடச் சின்னனாகத் தெரியும். பெல்ட்ஷீசனில் பாவிக்கிற பலகைக்கு 'பி' என்று பெயர். அது வட்டம் இல்லை. தலையும் தோளும் நெஞ்சும். அரை மனிசன். கேள்விப்பட்டுத்தான் இருந்தேன், கடதாசியில் படமும் பார்த்தது. முன்குறிக்கு மேலே வந்து இருந்தபோது அது வேறு.

நான் கம்பசுக்குச் சைக்கிளில் போன காலம், 98, 99, யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி காவலரண். இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். மண்மூட்டைக்கு நடுவில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் ஒரு குழல், குழலின் நுனியில் நிமிர்ந்த ஒரு சின்ன இரும்பு. அந்த இரும்பு என்னோடேயே மெல்ல நகர்ந்து வரும். ஒவ்வொரு நாளும் நான் யோசித்தது, உள்ளே இருக்கிறவனுக்கு என்ரை முகம் தெரியுமோ? புத்தகங்கள் தெரியுமோ? சட்டைப் பையில் இருக்கிற அடையாள அட்டையை எடுத்துக் காட்டினால் பார்ப்பானோ?

பேர்ண் கன்ரோனில் பாயில் படுத்துக்கொண்டு எனக்கு மறுமொழி கிடைத்தது. குறி பார்க்கத் தெரிந்தவன் என்றால் அவன் இரும்பைத்தான் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். நான் அதற்கு மேலே ஒரு மங்கல். அவனுடைய வாத்தியாரும் ஏதாவது ஒரு மேசையில் கரண்டியையும் குச்சியையும் வைத்து, மங்கட்டும் விடு என்று சொல்லியிருப்பான்.

பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் குனிந்து, "ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணைத் தானியமணிக்கு இழுத்தேன். அரை மனிசன் கரைந்து ஒரு கறையாகப் போனான். அமத்தினேன். தோளில் ஒரு இடி. திரையில் 3 என்று விழுந்தது. (முந்திப் பள்ளத்துக்குள் ஆள் இருந்து கம்பால் காட்டுவார்களாம். இப்போது பல இடங்களில் பலகையில் மைக் இருக்கிறது, ஒலியை மிஞ்சிப் போகிற சன்னத்தின் அதிர்வலையைப் பிடித்து இடத்தைக் கணிக்கும். அழகான பௌதிகம்.) அன்று எடுத்தது 49. ஒரு வெடி மண்ணணைக்கு.

பிறகும் ஏன் போகிறாய் என்று மனிசி கேட்டிருக்கிறா, இதை வாசிக்கிற நீங்களும் கேட்பீர்கள். எனக்கு அந்த ஒரு நிமிட அமைதி பிடித்திருக்கிறது. அடுப்படியில் ஆறு ஓடர் ஒரே நேரம் கத்துகிற தலைக்குள், மூச்சும் ஒரு தானியமணியும் மட்டும் மிஞ்சுகிற இடம் வேறு எங்கேயும் இல்லை. ஆனால் துவக்கு வெறும் கருவி, கத்தி மாதிரி என்று சங்கத்தில் சிலர் சொல்லும்போது நான் தலையாட்டுவதில்லை. கத்தியோடு இருபத்தைந்து வருடம் நிற்கிறேன். கத்தி வெங்காயத்துக்குச் செய்தது. அது வெங்காயத்துக்குச் செய்ததில்லை.

நாற்பத்தைந்து தாண்டியபின் முன்குறியே மங்கத் தொடங்கிவிட்டது. வெள்ளெழுத்து. சங்கத்தின் துவக்கில், பின்குறியில் வெட்டுக்குப் பதிலாகச் சின்னத் துளை இருக்கிற புது மாதிரிக்கு மாறினேன். ஊசித்துளையால் பார்த்தால் கிட்டவும் எட்டவும் கொஞ்சம் தெளியும். எழுபது தாண்டின கிழடுகள் இன்னும் அடிக்கிறார்கள் என்றால் அந்தத் துளைதான் காரணம்.

இனி வீட்டுக் கதை. சிவில் சேவை செய்கிறாயோ என்று மூத்தவனைக் கேட்டேன். அது இராணுவத்தைவிட ஒன்றரை மடங்கு காலம். "என்ரை கூட்டாளியள் எல்லாரும் போறாங்கள், நான் மட்டும் ஏன் வேறை மாதிரி?" என்றான். இங்கே பிறந்தவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. 18 கிழமைப் பயிற்சி முடித்து 'ஸ்ரூர்ம்கவேர் 90' ஓடு வந்தான்.

அவனுடைய அம்மாவின் தமையன் 1990இல், கோட்டைச் சண்டை நடந்த நேரம், கிணற்றடிக்குப் போனவர் வேலிக்கரையில் விழுந்தார். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. சத்தமே ஒருவருக்கும் கேட்கவில்லை.

"அம்மா, இதுக்கை ரவை இல்லை. போல்ட்டைக் கழட்டி வேறை அலுமாரியிலை பூட்டி வைச்சிருக்கிறன். ஒண்டும் நடக்காது" என்றான்.

"எனக்கு விளங்குது அப்பன். அது இருக்கிற வீட்டிலை எனக்கு நித்திரை வராது."

சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை. மூன்று கிழமை விறாந்தைக் கதிரையில் இருந்தபடி விடியவைத்தா. நான் ஒரு பக்கமும் பேசவில்லை, பேசத் தேவையும் வரவில்லை. துவக்கை இராணுவக் களஞ்சியத்தில் ஒப்படைத்து வைக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, காசும் இல்லை என்று அவனே தேடிப் பிடித்தான். ஒரு சனிக்கிழமை அல்ல, வேலைநாள் ஒன்றில் லீவு போட்டு, பஸ் எடுத்து ரயில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். ரயிலில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள், இங்கே அது சாதாரணம். மனிசி மட்டும் பல்கணியில் நின்று பஸ் போகும்வரை பார்த்தா. 2011 வாக்கெடுப்பு இப்போது வந்தால் இந்த வீட்டில் மூன்று வாக்கு இருக்கிறது. எங்கே விழும் என்று எனக்குத் தெரியும், மகனுடையதைத் தவிர.

2025 மே, பெல்ட்ஷீசனுக்கு இரண்டு பேரும் போனோம். கிழவருக்கு இப்போது கண் சரியில்லை, பின்வாங்கில் இருந்தார், நான் முந்தி இருந்த அதே இடத்தில். மகன் 63. சட்டையில் குத்துகிற சின்னம் கொடுத்தார்கள். நான் 53. மூன்று பேரும் எங்கடை கடையில் சாப்பிடலாம் என்று கிழவர் கேட்டார், அன்றைக்கு எனக்கு லீவு, என்ரை சமையலை நானே காசு கொடுத்துத் தின்ன மனமில்லை என்று சொல்லி வெளிக்கிட்டோம்.

வீட்டுக் கதவைத் திறக்க மனிசி அடுப்படியில் நின்றபடியே திரும்பிப் பாராமல் சொன்னா:

"வெடிமருந்து மணக்குது. உடுப்பைப் பல்கணியிலை போட்டிட்டு, ரெண்டு பேரும் குளிச்சுப்போட்டு வந்து சாப்பிடுங்கோ. புட்டு ஆறப்போகுது."